ரிஸ்வான் நானா சொன்ன காரணம்

வியாழன், இரவு பத்தரை.

தேயிலைத் தோட்ட ஆபீஸ்களுக்கான கொழுந்து நிறுக்கிற சாஃப்ட்வேரை எந்த ஜாவா ஃப்ரேம்வேர்க்கில் எழுதுவது என்று இன்று முடிவானது. ஸ்பிரிங் பூட்டாம்.

நான் அதைவிட லேசான குவார்க்கஸைக் கேட்டிருந்தேன். தோட்டங்களில் இருப்பதெல்லாம் பழைய கம்ப்யூட்டர்கள். என்னோடு வேலை செய்யும், நான் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் மாவனல்லை ரிஸ்வான் நானாவும் நானும் எங்கள் தோட்ட ஆபீசிலேயே இரண்டையும் ஓட்டிப் பார்த்தோம். ஸ்பிரிங் கிளம்புவதற்குள், என் அம்மா கொண்டுவந்து கொடுத்த தேத்தண்ணியை அவர் குடித்து முடித்துவிட்டார். "ஒங்கடதுதான் சரி தங்கச்சி. மீட்டிங்ல நானே சொல்றேன்" என்றார்.

இன்று சொன்னார். டீமில் எல்லாருக்கும் ஸ்பிரிங் தெரியும், குவார்க்கஸ் தெரிந்தது எனக்கு மட்டும்தான் என்றார். அது நியாயம். நானே ஒத்துக்கொண்டிருப்பேன். அதோடு நிறுத்தவில்லை. "அவங்களுக்குக் கல்யாணம் பேசுறாங்க. கட்டிக்கிட்டுப் போயிட்டா யார் பாக்குறது?" என்று சிங்களத்தில் சேர்த்தார். மேனேஜர் சிரித்துக்கொண்டே எனக்கு வாழ்த்துச் சொன்னார்.

என்னைப் பெண் பார்க்க வந்ததை ஆபீசில் அவர் ஒருவரிடம்தான் சொல்லியிருந்தேன்.

பிறகு நானா எனக்குப் போன் எடுத்தார். "கோவமா தங்கச்சி? ப்ராஜெக்ட்டுக்காகத்தானே சொன்னேன்." "சரி நானா" என்று வைத்துவிட்டேன். அந்தச் 'சரி'தான் இன்னும் எரிகிறது.

வேலையை விடச் சொன்ன அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று நேற்று வீட்டில் சொல்லிவிட்டேன். அம்மா அப்போதிருந்து பேசவில்லை. மீட்டிங் முடிந்ததும் அதையும் நானாவிடம்தான் முதலில் சொல்ல இருந்தேன்.