எலுமிச்சைச் செடியில் இருந்த புழு

தீபா,

பத்திரம் பதியப் படப்பைக்குப் போகிறேன். சாவி ஜோதிலட்சுமி அக்கா வீட்டில் இருக்கிறது. மீன் குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடு.

அன்றைக்கு எலுமிச்சைப் புழுவுக்கு மருந்தடிக்க வந்த என்னை, "நெட்ல பார்த்தேன்பா, அது பட்டாம்பூச்சி ஆகும்" என்று தடுத்தாய். கோபத்தில் நெட் வயரைப் பிடுங்கினேன். நீ பிரவுசிங் சென்டருக்குப் போய் அந்தப் பட்டாம்பூச்சிப் படத்தைப் பிரிண்ட் எடுத்து மருந்து டப்பாவில் ஒட்டிவிட்டாய். அதோடு என்னிடம் பேசவும் இல்லை.

இன்று காலை அந்தப் படத்தில் இருந்ததே கூட்டைவிட்டு வந்து, என் கண்ணெதிரே சிறகை உலர்த்தியது. நாற்பது வருஷம் பயிர் வைத்தவன் நான். எதையெல்லாம் கொன்றேன் என்று நீதான் காட்டினாய். நல்லா இரு தாயி.

அப்பா

வயரை மாட்டிவிட்டேன். வெண்டைச் செடியில் ஒரு பச்சைப் புழு இருக்கிறது. அது யாரென்று பார்த்துச் சொல். அதுவரை டப்பாவைத் திறக்க மாட்டேன்.