சேக்காட்டுத் தேயிலை

சேக்காடு, ஆவடி
14.8.1987

அன்புள்ள ஷரீஃபா,

நீ அனுப்பிய தேயிலை விதைகள் பழுதின்றி வந்து சேர்ந்தன. தண்ணீரில் இட்டுப் பார்த்தேன். மிதந்தவற்றை எறிந்துவிட்டு, மூழ்கியவற்றைச் சிமெண்டுத் தொட்டியில் ஊன்றியிருக்கிறேன். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவள், குன்னூர்ச் செடியை ஆவடி வெயிலில் வளர்க்க முனைவது அறிவுடைமை அன்று. செய்வதற்கு வேறொன்றும் இல்லாத வீட்டில் அறிவுடைமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

எதிர்வீட்டில் பட்டப்பகலில் திருட்டுப் போனதிலிருந்து, பாஸ்கரனும் மருமகள் பேபியும் வேலைக்குப் போகும்போது தெருக்கதவை வெளியே பூட்டிச் சாவியை எடுத்துச் செல்கிறார்கள். நான் யாரையாவது நம்பித் திறந்துவிடுவேனாம். மாலை வரை கம்பிக் கதவுக்கு உள்ளே நானும் தொட்டியும். இந்தக் கடிதத்தையும் கம்பி வழியாகத்தான், பக்கத்து வீட்டில் வேலை செய்யும் பூங்காவனத்திடம் நீட்டப்போகிறேன். "இன்னா டீச்சரம்மா, இன்னிக்கும் உன்னிய உள்ள வெச்சு பூட்டிகினு பூட்டாங்களா?" என்று தினமும் கேட்கிறாள். கண்ணுக்குத் தெரிவதைக் கேட்பதில் அவளுக்கு ஓர் இன்பம்.

உன்
வேதவல்லி


குன்னூர்
2.9.1987

என் வேதா,

விதை கேட்டாய், அனுப்பினேன். நீ கேட்காத ஒன்றையும் சொல்கிறேன்: கிளம்பி வா. அவர் மறைந்த பிறகு இந்த வீட்டில் நானும் மழைச் சத்தமும்தான். பின்னறை காலியாகக் கிடக்கிறது. சன்னலைத் திறந்தால் தேயிலைச் சரிவு. முதலில் விருந்தாளியாக இரு. பிறகு சண்டை போட்டுக்கொண்டே கடைசிவரை இருந்துவிடலாம். கல்லூரி விடுதியில் செய்ததுதானே!

மகனிடம் கேட்காதே. போகிறேன் என்று சொல்.

ஷரீஃபுன்னிசா


சேக்காடு
20.11.1987

அன்புள்ள ஷரீஃபா,

முளைத்துவிட்டன! போர்வெல் தண்ணீர் உப்பு என்பதால் மழைநீரை அண்டாவில் பிடித்து வார்க்கிறேன். வெயில் படாதிருக்க, கோணிச் சாக்கு ஒன்றை நனைத்து மேலே கட்டியிருக்கிறேன். பூங்காவனம் எட்டிப் பார்த்து, "இதுல டீத்தூளு எப்போ காய்க்கும்?" என்றாள். காய்க்காது, கொழுந்தைப் பறித்து வாட்டிக் காயவைக்க வேண்டும் என்று விளக்கினேன். "அட போம்மா! அதுக்கு நாயர் கடையில ஒரு டீ குட்சுட்டு பூடலாம்" என்று போய்விட்டாள்.

பாஸ்கரனிடம் கேட்டேன். ஆம், கேட்டேன். "இங்க என்னம்மா கொறை உனக்கு? டிவி இருக்கு, ஃபேன் இருக்கு. இந்த வயசுல மலையேறிப் போய் யாரோ வீட்ல இருந்தா, என்னைத்தானே நாலு பேர் கேப்பாங்க?" என்றான்.

"யாரோ இல்லைடா, ஷரீஃபா."

"சரிம்மா, பொங்கல் போகட்டும். நானே கூட்டிட்டுப் போறேன்."

குரலில் அன்பு இருந்தது. அது இல்லாதிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அதுவுமன்றி, நான் இப்போது வந்துவிட்டால் நாற்றுகளுக்கு நீர் வார்க்க ஆளில்லை.

உன்
வேதவல்லி


சேக்காடு
10.2.1988

அன்புள்ள ஷரீஃபா,

செடிகள் போயின.

பொங்கலுக்கு மதிலுக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். மிஞ்சியதைப் பாஸ்கரன், என்னை மகிழ்விக்க எண்ணி, தொட்டி மண்ணில் கரைத்து ஊற்றி, தொட்டிக்கும் வெள்ளை பூசிக் காவிப்பட்டை இழுத்திருந்தான். "பூச்சியே வராதும்மா. பாரேன், ஜம்முனு இருக்கு!" என்றான். தென்னைக்கும் முருங்கைக்கும் இங்கே எல்லோரும் செய்வதுதான். தேயிலையோ புளித்த மண்ணில் வாழ்வது. சுண்ணாம்பு அதற்கு நஞ்சு. இலைகள் பழுத்து உதிர்ந்தன. குற்றம் சொல்ல இடமில்லாத கொலை.

பயணம் தள்ளிப்போகிறது. பேபி முழுகாமல் இருக்கிறாள், தாயில்லாப் பெண். "நீங்க இல்லாம எப்படி அத்தை?" என்றாள். அது வேண்டுகோளா ஆணையா என்று நான் ஆராயவில்லை.

மறுபடியும் கொஞ்சம் விதை அனுப்பு.

உன்
வேதவல்லி


குன்னூர்
3.3.1988

வேதா,

விதை அனுப்ப மாட்டேன்.

அவன் பொங்கல் என்றான், நீ நாற்று என்றாய். அவள் பிரசவம் என்கிறாள், நீ விதை என்கிறாய். செடிக்கு மேலே கட்டியது ஒரு சாக்கு. எனக்கு எழுதுவதெல்லாம் இன்னொரு சாக்கு. கோபித்துக்கொள். அந்தக் கோபத்திலாவது ரயில் ஏறு.

அண்ணன் மகள் ஜரினாவுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்திருக்கிறது. பின்னறையைக் கேட்கிறாள். மே முடியும்வரை தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். நீ வரும் நாளைத் தந்தியில் சொல், மேட்டுப்பாளையத்தில் வந்து நிற்கிறேன். கடிதம் வேண்டாம்.

ஷரீஃபா


சேக்காடு
30.5.1988

அன்புள்ள ஷரீஃபா,

வேண்டாம் என்றாய், எழுதுகிறேன்.

சென்ற திங்களன்று பேபி அவசரத்தில் கதவைப் பூட்ட மறந்து, பூட்டையும் சாவியையும் கைப்பையிலேயே கொண்டுபோய்விட்டாள். பூங்காவனம்தான் முதலில் கண்டாள். "டீச்சரம்மா, பூட்டு இல்ல பாரு! எங்கனா போணும்னா இப்பவே கெளம்பு. ஆட்டோவ இட்டாரட்டா?"

பெட்டியில் புடவைகளை அடுக்கினேன். மருந்து, கம்பளிச் சால்வை, உன் முகவரி. தெருவில் கால் வைத்தும்விட்டேன். அப்போது எழுந்த எண்ணம் ஒன்றே ஒன்று: வீடு திறந்து கிடக்கிறது.

பூங்காவனத்தைப் பேபியின் அலுவலகத்துக்கு அனுப்பிப் பூட்டையும் சாவியையும் வாங்கி வரச் செய்தேன். நான் உள்ளே நின்றுகொண்டு, அவளையே வெளியிலிருந்து பூட்டச் சொன்னேன். "மெய்யாலுமா?" என்றாள். "பூட்டு" என்றேன். பூட்டினாள். சாவியைத் திருப்பிக் கொடுக்க மறுபடியும் அவ்வளவு தூரம் நடந்தாள். அன்று முதல் அவள் என்னிடம், தினமும் கேட்டுவந்த அந்தப் பூட்டுக் கேள்வியைக் கேட்பதில்லை.

மாலையில் பாஸ்கரன், "நல்லவேளை, நீ இருந்தேம்மா" என்றான்.

காரணத்தை எழுதத் தொடங்கி அடித்துவிட்டேன். அறையை ஜரினாவுக்குக் கொடுத்துவிடு.

வேதவல்லி