கறுப்புக் கோடு

சைஃபின் வாப்பாவுக்கு ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? பேத்தி ஷம்ஸா சாப்பிடுகிறாளா?

நான் சுகம். இந்த அகழ்வில் பானை ஓடு கழுவும் வேலையை ஐந்தாம் வகுப்பு மட்டுமே படித்த என்னை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்கள்.

நேற்று ஒரு குழியில் பச்சைக் குழந்தையின் எலும்பும் ஒரு ஓடும் கிடைத்தன.

"ஓட்டுல பச்சைப் பூச்சு இருந்தா நம்ம மார்க்கத்துக் காலம், இமாமைக் கூப்பிட்டு அடக்கிடலாம். இல்லேன்னா எலும்பு பெட்டியில ஆய்வுக்கு மஸ்கட் போயிடும் பெரியம்மா" என்றார் அதிகாரி நாசிர்.

வேண்டிக்கொண்டே கழுவினேன்.

"தேய்ச்சே பூச்சு வர வெச்சிருவீங்க போல!" என்றார் நாசிர்.

கறுப்புக் கோடுதான் வந்தது.

"நாலாயிரம் வருஷம்" என்றார்.

"எத்தனை ஆனா என்ன, ஒருத்தி பெத்ததுதானே?"

பெட்டியை ஏற்றிவிட்டார்கள்.

கவலைப்படாதீர்கள். தைலம் தீர்ந்தது, கொடுத்தனுப்புங்கள். ஊர் வண்டி ஹாரன் அடிக்கிறது. வெள்ளிக்கிழமை நம் கடைசிப் பிள்ளையை அடக்கிய கபுருக்குப் போய், தலைமாட்டுக் கல் நிற்கிறதா என்று பார்த்து எழுதுங்கள்.

ஸுவைனா