யோகம்மா அக்கா தன்ர பேரைச் சொன்னா

புதன்கிழமை, இரவு

எங்கட நண்டுக் கம்பனி வளர்ந்திட்டுது. பழைய தரவுத்தள மென்பொருள் தாங்கேல்லை, இண்டைக்குப் புதுசுக்கு மாறினம். பழையதில நண்டு தாற வீட்டுக்கு ஒரு பேர்தான் பதியலாம். இதில ஆளாளுக்குப் பதியலாம்.

நாயாற்றில இருந்து நண்டு கொண்டுவாற யோகம்மா அக்கா புருசனோட வந்திருந்தா. பழையதில அவர்ர பேர்தான் இருந்தது.

"அக்கா, உங்கட பேரையும் பதியட்டோ?" எண்டு கேட்டன்.

அவா புருசனைப் பார்த்தா. அவர் எழும்பி என்ர மேசைக்குக் கிட்ட வந்தார். வீட்டுக்குள்ள சண்டையை மூட்டிவிட்டனோ எண்டு எனக்குப் பயமாப் போச்சு.

"அவான்ர பேரை மட்டும் போடுங்கோ, தங்கச்சி. எனக்கு முதுகு ஏலாமப் போனதில இருந்து வலை இழுக்கிறது அவாதானே," எண்டார்.

அக்கா முழுப்பேரையும் மெதுவாச் சொன்னா. பிழை வரக்கூடாதெண்டு ரெண்டுதரம் வாசிச்சுக் காட்டினன்.

நாளைக்கு வாற புருசன்மார் எல்லாரும் இப்பிடிச் சொல்லுவினமோ தெரியேல்லை. இண்டைக்கு இது காணும். நித்திரை வருகுது.