விற்றது ஆறு, மாதிரிக்கு ஒன்று

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நீ எங்களுக்குத் துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்துக் கொடுத்த ஏழு ஒட்டுப் போர்வைகளில் ஆறை விற்றுவிட்டேன். ஏழாவது கடையில் மாதிரிக்குத் தொங்குகிறது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். போனில் சொல்லலாம் என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். இரண்டு தடவையும் "உடம்பு எப்படியிருக்கு, சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அதனால்தான் கடிதம்.

போன வாரம் நீ எழுதியிருந்தாய்: ஆஸ்பத்திரித் தையல் அறையில் இந்த மாதத்தோடு வேலை முடிகிறது, முதல் தேதிக்கு மூட்டை முடிச்சோடு வந்துவிடுவேன், வந்ததும் எல்லாப் போர்வையையும் எடுத்துப் போடு, இத்தனை வருஷத்தில் ஓரம் நைந்திருக்கும், புதுப் பட்டி வைத்துத் தருகிறேன் என்று. வீட்டில் இவள் அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் விட்டத்தைப் பார்த்தேன். நீ வந்து அலமாரியைத் திறந்து தெரிந்துகொள்வதைவிட நானே சொல்லிவிடுவது மேல்.

எப்படி ஆரம்பித்தது என்று சொல்கிறேன். மூன்று வருஷம் இருக்கும். பெரியவன் கல்யாணத்துக்கு நீ அனுப்பிய பெரிய போர்வையை மருமகள் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். "மாமா, எங்க அலமாரியில இதுக்கு இடமில்ல. இங்க பத்திரமா இருக்கும்" என்றாள். நான் அதை ஒரு மெத்தை மேல் விரித்து வைத்தேன். இரண்டு தலையணை வாங்க வந்த அம்மா ஒருத்தி அதன்மேல் கையை வைத்தவள் எடுக்கவேயில்லை. "இது என்ன விலை?" விற்பனைக்கு இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வாய் விலையைச் சொல்லிவிட்டது. முப்பது வருஷமாகத் தோளில் மூட்டை சுமந்து தெருத்தெருவாக விற்று வளர்ந்த வாய் அக்கா, அது என்னைக் கேட்டுக்கொண்டு பேசுவதில்லை. ஓடிப்போகட்டும் என்று இரட்டை மெத்தையின் விலையைப் போல மூன்று மடங்கு சொன்னேன். அவள் பேரம்கூடப் பேசாமல் பையைத் திறந்தாள்.

மூலையில் சிவப்பு நூலில் நீ பெயர் தைத்திருந்தாயே, அதை பிளேடால் பிரித்தேன். நூல் வந்துவிட்டது, ஊசித் துளை போகவில்லை. "இங்க ஏன் பொத்தல் பொத்தலா இருக்கு?" என்றாள். "கைத்தையல்னா அப்படித்தாம்மா இருக்கும்" என்றேன். அதற்காகவே இன்னும் சந்தோஷப்பட்டாள்.

அப்புறம் வீட்டில் ஒவ்வொருத்தரிடமும் கேட்டேன். பிடுங்கவில்லை, கேட்டேன். யாரும் மாட்டேன் என்று சொல்லவில்லை. நடுப் பெண் தன்னிடமிருந்த இரண்டையும் தானே கூரியரில் அனுப்பி வைத்தாள். பேரப் பிள்ளைகளுடையது இரண்டும் பிரிக்காத உறையிலேயே இருந்தன. குட்டி மட்டும், "அத்தைக்குத் தெரியுமாப்பா?" என்றாள். தெரியாது என்றேன். பிறகு மடித்துக் கொடுத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் என்று நீ முதலில் தைத்ததை நானே விற்றேன். குட்டியுடையதுதான் இப்போது கடையில் தொங்குகிறது.

கோபம் வரும். வரட்டும். திட்டி எழுது. ஆனால் வந்துவிடு.

உன் தம்பி

---

பிப்ரவரி 9

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு வேலைக்குப் போனேன். அன்றைக்கு நாற்பது படுக்கை விரிப்பு கிழிந்து வந்திருந்தது. தைத்தேன். கை அதுபாட்டுக்கு ஓடியது.

சாயந்திரம் வந்து உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உனக்கு நினைவிருக்காது, என்னிடம் எல்லாம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆகஸ்டில் எழுதியிருக்கிறாய்: "குட்டி உன் போர்வையை விட்டு இறங்குவதில்லை. துவைக்கக் கேட்டால்கூட அழுகிறாள். அத்தை வாசனை போய்விடுமாம்." அதைப் படித்துவிட்டு நான் தையல் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். மேற்பார்வைக்காரி இருக்கிறாளே, யாரையும் மெச்சாதவள், அவளே "குடுத்து வெச்சவங்க நீங்க" என்றாள். அந்த ஆகஸ்டில் போர்வை குட்டியிடம் இருந்ததா, உன் கடையில் தொங்கியதா? பேரனுக்கு அனுப்பியபோது, "குழந்தை கட்டங்களை எண்ணி எண்ணி விளையாடுகிறான்" என்று எழுதினாய். பிரிக்காத உறைக்குள் எப்படி எண்ணினான்?

நீ கேட்டிருந்தால் விற்கச் சொல்லியிருப்பேனோ என்னவோ. ஒரு போர்வைக்கு எனக்கு ஐந்து மாதம் ஆகும். எட்டு மணி நேரம் ஆஸ்பத்திரிக்குத் தைத்துவிட்டு வந்து, அதே விரலில் மறுபடி விரலுறையை மாட்டிக்கொண்டு உட்காருவேன். மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி, மூன்றும் நகராமல் பிடித்து நூலை ஓட்டம் ஓட்டமாய் இழுக்க வேண்டும். ஒவ்வொரு கடிதம் வரும்போதும் அடுத்ததற்குத் துணி வெட்டினேன். உன் கடிதம் வராமலிருந்திருந்தால் இரண்டோடு நிறுத்தியிருப்பேன். அதுதான் எனக்கு ஆறவில்லை. விற்றதுகூட இல்லை, என்னைத் தைக்க வைத்தாயே.

பெரியவனுக்கு மூன்றாவது குழந்தை வரப்போகிறது என்று சொன்னாய் அல்லவா. அதற்காகப் பாதி தைத்திருந்ததைத் தையல் சட்டத்திலிருந்து கழற்றிவிட்டேன்.

இப்போது ஒன்று மட்டும் கேட்கிறேன். நான் அறையைக் காலி செய்வதாகச் சொல்லிவிட்டேன். வீட்டுக்கார அம்மா மார்ச் முதல் தேதிக்கு வேறு ஆளிடம் பேசிவிட்டார். பின்னறை எனக்கு என்று நீ போன வருஷமும் எழுதினாய், அதற்கு முந்தின வருஷமும் எழுதினாய். ஜன்னல் கிழக்குப் பக்கம், காலை வெளிச்சத்தில் ஊசி கோர்க்கலாம் என்றாய். அந்த அறை இருக்கிறதா? அல்லது அதுவும் உன் கடிதத்தில் மட்டும்தான் இருக்கிறதா?

அக்கா

---

பிப்ரவரி 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீ கேட்டதற்கு நேராகவே பதில் சொல்கிறேன். ஆகஸ்டில் குட்டியின் போர்வை கடையில்தான் இருந்தது. எட்டு மாதமாக.

பொய் எழுத வேண்டும் என்று உட்காரவில்லை. நன்றி என்று ஒரு வார்த்தை எழுதுவேன், காகிதம் காலியாக இருக்கும், உனக்கும் அங்கே யாரும் இல்லை, இன்னும் இரண்டு வரி இருந்தால் சந்தோஷப்படுவாள் என்று தோன்றும். எதிரில் நிற்கிறவருக்கு எது பிடிக்குமோ அதைச் சொல்லியே பழகியவன். மெத்தை வாங்குகிறவருக்குச் சொல்வதை உனக்கும் சொல்லிவிட்டேன். தப்புதான்.

அறை விஷயம். இருக்கிறது. ஆனால் மருமகள் இப்போது வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். கம்ப்யூட்டர், மேஜை, சுழல் நாற்காலி எல்லாம் அதில்தான். பகலில் கதவைத் திறக்கக் கூடாது என்று பலகை தொங்குகிறது. நான்கூடத் தட்டிவிட்டுத்தான் போகிறேன். இவளிடம் பேசினேன். "உங்க அக்கா வர வேணாம்னு நான் எப்பங்க சொன்னேன்? வரட்டும். எங்க படுப்பாங்கன்னுதான் கேக்கறேன்" என்றாள். கூடத்தில் என்றேன். "பிரசவத்துக்கு அப்புறம் கூடத்துல தொட்டில் வரும்" என்றாள்.

யோசித்துப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். கடைக்கு மேலே மாடி இருக்கிறதே, தலையணை உறை அடுக்குகிற இடம். அதில் பாதியைத் தடுத்துத் தருகிறேன். தெருப் பக்கம் பெரிய ஜன்னல். மின்விசிறி போடச் சொல்லிவிட்டேன். கழிப்பறை கீழே, கடை மூடினாலும் சாவி உன்னிடம் இருக்கும். வாடகை கிடையாது. வீட்டிலிருந்து மூன்று வேளையும் டப்பாவில் சாப்பாடு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்துவிடலாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைத்தால் அதற்கும் திட்டுவாய். போர்வை கேட்டுப் பதினொரு பேர் நம்பர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ஒருத்தி மகள் கல்யாணத்துக்கு வேண்டும் என்று தினம் போன் செய்கிறாள். நீ மாடியில் உட்கார்ந்து இரண்டு மாதத்துக்கு ஒன்று முடித்தால் போதும், ஓரப் பட்டிக்குத் தையல் மெஷின் வைத்துத் தருகிறேன். நாள் முழுக்க உனக்கும் வேறு வேலை இல்லை. உன் கைச்செலவுக்கு நானே தருகிறேன், உனக்கு எது வேண்டுமோ கேள்.

சும்மா இருப்பதைவிட இது நல்லது அக்கா. யோசித்துப் பார்.

உன் தம்பி

---

பிப்ரவரி 20

கடை உரிமையாளர் அவர்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மாடிக்கு நான் வரவில்லை.

நேற்று வீட்டுக்கார அம்மாவின் போனிலிருந்து உங்கள் கடைக்குப் பேசினேன். குரலை மாற்றவில்லை. ஒட்டுப் போர்வை இருக்கிறதா, என்ன விலை என்று மட்டும் கேட்டேன். எடுத்தது நீங்கள்தான். உங்களுக்கு என் குரல் தெரியவில்லை. "எங்க அக்கா கையால தெச்சதுங்க" என்றீர்கள். "எங்க பொண்ணு பொறந்தப்ப ஆசையாத் தெச்சது. குடும்பத்துக்குன்னு தெச்சதைக் குடுக்க மனசே வரலைங்க, கஷ்டம், அதான் குடுக்கறேன்" என்றீர்கள். நான், "அக்கா எங்க இருக்காங்க?" என்று கேட்டேன். கொஞ்சமும் யோசிக்காமல், "போயிட்டாங்க" என்றீர்கள். அதற்குப் பிறகு ஒரு விலை சொன்னீர்கள். உங்கள் கடிதத்தில் இருந்த மூன்று மடங்கைவிட அதிகம். இறந்துபோனவள் தைத்ததற்கு விலை கூடத்தான் இருக்கும் என்று புரிந்துகொண்டேன்.

போனை வைத்துவிட்டு வீட்டுக்கார அம்மாவிடம் அறையை எனக்கே விடச் சொல்லிக் கேட்டேன். வரவிருந்தவரிடம் அவரே பேசிச் சரிசெய்தார். வாடகையை மட்டும் கூட்டிவிட்டார். எனக்கு இனிச் சம்பளம் இல்லை. ஆஸ்பத்திரி தருகிற ஓய்வுத் தொகை வாடகைக்குக் கொஞ்சம் எட்டவில்லை. வேறு கடைகளில் கேட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு ஒன்று தர முடியுமா என்கிறார்கள். ஆகவே உங்களுக்குத்தான் தைக்க வேண்டியிருக்கிறது. பாதியில் நிற்பதை முடித்து அனுப்புகிறேன், பெயர் இருக்காது, நீங்கள் பிரிக்கிற வேலை மிச்சம்.

என் நிபந்தனைகளைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். சம்மதம் என்றால் அதே வார்த்தைகளில் உங்கள் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். சம்மதம் என்று மட்டும் எழுத வேண்டாம். உங்கள் கடிதத்தில் இருக்கும் வார்த்தையை நான் இப்போது எடை போட்டுத்தான் வாங்குகிறேன்.

குட்டிக்கு எதுவும் சொல்ல வேண்டாம். அவள் ஒருத்திதான் கேட்டாள்.

தையல்காரி

---

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

இப்படித்தான் எழுதுவேன், நீ எப்படி வேண்டுமானாலும் எழுது.

அந்தப் போன் எனக்கு நினைவிருக்கிறது. கடையில் நாலு பேர் நின்றார்கள், ஒருவர் பஞ்சு எடை சரியில்லை என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். யாரோ வாங்கப்போகிற அம்மா என்றுதான் பேசினேன். "போயிட்டாங்க" என்றது ஊருக்குப் போய்விட்டதைச் சொன்னேன் என்று எழுதலாம் என்று ஒரு முழுக் காகிதம் எழுதினேன். நன்றாகவே வந்தது. நீயே நம்பியிருப்பாய். கிழித்துவிட்டேன். உன்னைச் செத்தவள் என்றுதான் சொன்னேன். இதற்கு முன்னாலும் இரண்டு பேரிடம் சொல்லியிருக்கிறேன். முதல் தடவை சொல்லும்போது நாக்கு கொஞ்சம் தடுக்கியது. இரண்டாவது தடவை தடுக்கவில்லை.

இரண்டு நாள் பஸ் நிலையம் வரைக்கும் போனேன். உன் வாசலில் வந்து நின்றால் நீ கதவைத் திறப்பாய், அது எனக்குத் தெரியும். திறந்த பிறகு என்ன சொல்வது என்று தெரியவில்லை. சொல்லத் தெரிந்ததெல்லாம் விற்கிற பேச்சுதான். திரும்பி வந்து கடையைத் திறந்தேன்.

இவளிடம் உன் தாளைக் காட்டினேன். "முக்கால் பங்கா? யாருங்க இப்படிக் குடுப்பாங்க?" என்றாள். அவள் சொல்வது வியாபாரத்துக்குச் சரி. கால் பங்கில் கடை வாடகைகூட வராது. இத்தனை வருஷத்தில் வந்த விலையைக் குறைத்துக் கேட்காமல் நான் விட்டதில்லை. இதை ஒரு காசு குறைத்துக் கேட்கவில்லை. முன்பணம் இன்றே அனுப்பிவிட்டேன்.

நீ சொன்னபடி, உன் வார்த்தையிலேயே, என் கையால்:

"போர்வை விற்கும் விலையில் முக்கால் பங்கு தைப்பவருக்கு, கால் பங்கு கடைக்கு. ஒவ்வொன்றுக்கும் பாதிப் பணம் முன்னாலேயே. வருஷத்துக்கு மூன்று மட்டும், நான்காவது கேட்கக் கூடாது. தைத்தவர் யார் என்று வாங்குபவர் கேட்டால், கூலிக்குத் தைப்பவர் என்று சொல்ல வேண்டும், அக்கா என்று சொல்லக் கூடாது. பணத்தோடு ரசீது மட்டும் வர வேண்டும், கடிதம் வரக் கூடாது."

உன் தம்பி