மஞ்சள் விளக்கோடு ஏலகிரி ஏறினோம்

ஆம்பூர்
ஞாயிற்றுக்கிழமை, கோயில் விட்டு வந்த பிறகு

அன்பு மகள் ஜாஸ்மினுக்கு, அப்பா வாயால் சொல்லச் சொல்ல உன் தம்பி பெண்டாட்டி ஜெஸி கையால் எழுதுவது. இங்கே நானும் சேகரும் ஜெஸியும் ஆண்டவர் கிருபையால் சாப்பிட்டுத் தூங்கிச் சண்டை போட்டுக்கொண்டு நல்லபடியாக இருக்கிறோம், அங்கே அயர்லாந்துக் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் பேரன் ஜோவினும் அதேபோல் இருக்க வேண்டும். நீ வாங்கிக் கொடுத்து வாசலில் நிற்கிற கரண்டு காரும் சௌக்கியம், நீ முதலில் அதைத்தான் தேடுவாய் என்று தெரியும், அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன். நேற்று மலையில் போன் அறுந்த பிறகு நீ சேகரிடம் பேசி, வண்டியை வித்துடு, அப்பா இனிமே ஆட்டோல போவட்டும் என்று சொன்னாயாம். அவனும் அக்கா பேச்சைத் தட்டாத பிள்ளையாகச் சத்துவாச்சாரியில் யாரிடமோ பேசிவிட்டான், அந்த ஆள் வருகிற சனிக்கிழமை பார்க்க வருகிறார். போனில் நான் வாயைத் திறந்தால் நீ, அப்பா வார்டுல கூப்டறாங்க என்று வைத்துவிடுவாய், அதனால்தான் அறுக்க முடியாத லைனாக இந்தக் கடிதம். காகிதம் வந்து சேருவதற்கு முன்னால் ஜெஸி இதைப் படம் பிடித்து உன் போனுக்கு அனுப்புவாள், கடைசி வரிவரைக்கும் படித்துவிட்டு அப்புறம் என்ன வேண்டுமானாலும் சொல்.

வட ஆற்காடு ஜில்லாவை இரண்டாகப் பிரித்தார்களே அந்த வருஷம், நம் தெருமுனையில் அடிபம்பு போட்ட வருஷம், உன் கிரேஸி அத்தை கல்யாணத்தில் மழை அடித்துப் பந்தல் மாப்பிள்ளை தலையில் விழுந்த வருஷம், உனக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. பக்ரீத் முடிந்து பச்சைத் தோல் வரத்து ஓய்ந்ததும் டேனரி முதலாளி கூப்பிட்டு, ஒரு நாள் லாரிய எடுத்துக்குனு எங்கனா போய்ட்டு வாங்கப்பா என்றார். டிரைவர் இன்பராஜ் அண்ணன், கிளீனர் தபரேஸ், லோடு ஏற்றுகிற நான், உன் அம்மா அமிர்தவள்ளி, தபரேஸ் வீட்டுக்காரி அஜீஸுன்னிசா, அம்மா மடியில் நீ, இந்த ஆறு பேரும் ஏலகிரிக்குக் கிளம்பினோம். லாரிக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் அடித்துக் கழுவியும் தோல் நாற்றம் போகவில்லை, அம்மா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, அஜீஸுன்னிசாவின் பிரியாணி அண்டாவை மட்டும் திறந்து திறந்து மோந்து பார்த்துக்கொண்டு வந்தாள். எடுத்துக்கொண்ட சாமானைக் கேட்டால் சிரிப்பாய், மாற்று ஃபேன் பெல்ட், டீசல் டேங்கில் ஓட்டை விழுந்தால் அடைக்க பார் சோப்பு, கட்டுக்கம்பி, சாக்கு, டின் டின்னாகத் தண்ணீர். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் லாரி கொதித்து நின்றுவிட்டது. டின் தண்ணீர் எல்லாம் ஊற்றியும் அதற்குத் தாகம் அடங்கவில்லை, கடைசியில் உனக்காக அம்மா காய்ச்சிப் பிளாஸ்கில் எடுத்து வந்த தண்ணீரை இன்பராஜ் அண்ணன் கேட்டார். அம்மா தரமாட்டேன் என்று பிளாஸ்கைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பாபி, கொழந்தைக்கு அம்மா கீறீங்க, லாரிக்கு யார் கீறாங்க என்று கேட்டு தபரேஸ் அதைப் பிடுங்கி ஊற்றிவிட்டான். அப்போதும் லாரி ஏறவில்லை. வளைவிலேயே சாக்கு விரித்துப் பிரியாணியைச் சாப்பிட்டுவிட்டு நியூட்ரலில் உருட்டிக்கொண்டே இறங்கினோம். இன்பராஜ் அண்ணன் ஸ்டியரிங்கைத் தட்டி, கொதிக்காத வண்டி ஒண்ணு வரும், அன்னிக்கு உங்க எல்லாரையும் மேல கொண்டு போறேன் பாருங்க என்றார். போனால் சொந்த வண்டியில்தான் போக வேண்டும், பஸ்ஸில் ஒருத்தரும் போகக் கூடாது என்று தபரேஸ் காலி அண்டாவின் மேல் எல்லோர் கையையும் வைத்துச் சத்தியம் வாங்கினான், உன் கையைக்கூட எடுத்து வைத்தான். பள்ளிக்கூடத்தில் ஏலகிரிக்கு டூர் போனபோது நீ அம்மை போட்டு வேப்பிலையில் கிடந்தாயே, பாத்தியா சத்தியம் பாப்பாவையும் உடல என்று வந்து சிரித்துவிட்டுப் போனவனும் அவன்தான்.

இப்போது உன் வண்டிக்கு வருகிறேன். வந்த புதிதில் உன்னைவிட நான்தான் ஜாஸ்தி பயந்தேன். முதல் நாள் ஜெஸி, ஸ்டார்ட் பண்ணிட்டேன் மாமா என்றாள், எனக்கு ஒரு சத்தமும் வரவில்லை. பானெட்டைத் திறக்கச் சொல்லி, திருப்புளி முனையை உள்ளே வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்டேன், லாரிக்கு அப்படித்தான் கேட்போம், எந்த இடத்தில் இருமுகிறது என்று தெரிந்துவிடும். இதில் ஒரு மூச்சும் இல்லை. செத்துப்போச்சும்மா, உங்க அண்ணி ஏமாந்துட்டா என்று சொன்னேன். அவள் பானெட்டை மூடிவிட்டு, கொஞ்சம் தள்ளுங்க மாமா என்று வண்டியைப் பின்னால் எடுத்துத் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்து நிறுத்தினாள், நானும் திருப்புளியும் வாசலிலேயே நின்றோம். அடுத்தது கழுவுகிற கதை. தோல் லாரியில் உப்புத் தண்ணீர் சொட்டிச் சொட்டி அடிச்சட்டம் இத்துப்போகும், அதனால் ட்ரிப் முடிந்ததும் அடியில் படுத்து பைப் பிடித்துக் கழுவாமல் நாங்கள் சாப்பிட உட்கார மாட்டோம். அந்தக் கை சும்மா இருக்குமா, உன் வண்டியையும் தினம் அடியிலிருந்து மேலே கழுவினேன். லாங் பஜாரில் வளையல் வாங்கிவிட்டு வந்த வண்டியில் என்ன உப்பு இருக்கும் என்று சேகர் தலையில் அடித்துக்கொண்டான். கழுவிக் கழுவி, முன்பக்கம் பொட்டு பொட்டாகக் கண் மாதிரி இருக்கிறதே, அதில் ஒன்றுக்குள் தண்ணீர் போய், எதிரில் சுவர் இருப்பதாக நினைத்து வண்டி கத்த ஆரம்பித்துவிட்டது. ஆராதனை முடிந்து பாஸ்டர் வெளியே வந்து கை நீட்டுகிறார், வண்டி அவரைப் பார்த்துக் கீ கீ என்று அலறுகிறது, அவர் இரண்டடி பின்னால் போய்விட்டார், ஜனமெல்லாம் சிரிப்பு.

கம்பெனியிலிருந்து ராஜேஷ் என்று ஒருவன் வந்து பார்த்தான். தாத்தா, இது இன்னா எரும மாடா, தெனம் குளிப்பாட்றீங்க என்று கேட்டு, அந்தக் கண்ணைத் துணியால் துடைத்து வெயிலில் நிறுத்தச் சொன்னான், மத்தியானமே வாயை மூடிக்கொண்டது. தினம் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கேட்டேன். ஒண்ணுமில்ல என்றான். இன்ஜின் ஆயில் என்றேன், கெடையாது என்றான். ஃபேன் பெல்ட் என்றேன், கெடையாது என்றான். ரேடியேட்டர் தண்ணீர் என்றேன், அதெல்லாம் சர்வீஸ்ல நாங்க பாத்துக்கறோம், நீங்க மூடியத் தொறக்காம இருந்தா போதும், டயர்ல காத்து மட்டும் அப்பப்போ பாருங்க என்றான். விளக்கு எரிந்தால் எழுத்துப் படிக்கத் தெரியாதே என்றேன். கலரு தெரியுமில்ல, மஞ்சள்னா பொறுமையா பாத்துக்கலாம், செவப்புன்னா ஓரங்கட்டி நிறுத்திட்டு எனக்குப் போன் போடுங்க என்றான். இவ்வளவுதானா என்று எனக்கு வேலையே போய்விட்ட மாதிரி ஆகிவிட்டது, பேஜாராக உட்கார்ந்திருந்தேன். மறுநாள் பல் துலக்கும்போது திடீரென்று சிரிப்பு வந்துவிட்டது, அடியில் படுக்க வேண்டாம், சோப்பு எடுத்துப்போக வேண்டாம், காது கொடுத்துக் கேட்க வேண்டாம், வண்டி என்றால் ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்ப்பது. ஆயுசு பூரா வண்டியோடு இருந்தும் ரோட்டோரத்தில் என்ன இருக்கிறது என்று நான் இப்போதுதான் பார்க்கிறேன். அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், இது இன்பராஜ் அண்ணன் சொன்ன கொதிக்காத வண்டி.

நேற்று ஜெஸிக்குப் பள்ளிக்கூடம் லீவு, அவள் ஓட்ட, வாணியம்பாடி போய் தபரேஸை எழுப்பினோம். அஜீஸுன்னிசா போனதிலிருந்து அவன் மசூதி மூலையைத் தாண்டவில்லை, முட்டி வலி என்பான், முட்டி மட்டுமில்லை. வெளியே வந்து ஊன்றுகோலோடு வண்டியைச் சுற்றிப் பார்த்து, சைலென்சர் எங்கடா தேவா என்றான். கிடையாது என்றேன். பொக உடாத வண்டி பொய் சொல்ற ஆளு மாதிரி என்று சொல்லிக்கொண்டே உள்ளே போய்ச் சட்டை மாற்றி, அத்தர் தடவி, கையில் ஒரு பையோடு வந்து முன்சீட்டில் உட்கார்ந்துவிட்டான், முட்டியைப் பற்றிப் பேச்சே இல்லை. மலை ஏற ஆரம்பித்ததும் வளைவை எண்ணினான். ஒண்ணு என்றான், ரெண்டு என்றான், மூன்றாவதில் டிங் என்று ஒரு சத்தம், குதிரை லாடம் மாதிரி ஒரு விளக்கு. ஜெஸி அகலமான இடமாகப் பார்த்து ஓரங்கட்டினாள். அதே வளைவுடா தேவா, என்னிய வுட்டுட்டு எங்க போறீங்கன்னு இன்பராஜ் அண்ணன் கையப் புடிக்கிறாருடா என்று தபரேஸ் சொன்னான். அந்த நேரம் பார்த்து உன் போன். அங்கே உனக்கு இன்னும் விடியக்கூட இல்லை, எங்களுக்கு முன்னால் வண்டியிலிருந்து உன் போனுக்குச் சேதி போய்விட்டது, டயர்ல காத்து இல்ல, எறங்குங்க எறங்குங்க என்று கத்துகிறாய். தபரேஸ் போனை வாங்கி, பேட்டி, என் பொண்ணே, வண்டிக்கு ஒண்ணுமில்ல, உங்கப்பனுக்குத்தான் மூஞ்சில காத்து கம்மி என்று சொல்லிச் சிரித்தான். வாயை மூடுவதற்குள் டவர் போய்விட்டது. நடந்தது அவ்வளவுதான் கண்ணு, நீ கேட்டது அவன் சிரிப்பு, அதற்கப்புறம் ஒன்றும் கேட்காமல் போனது மலை.

அறுந்த பிறகு என்ன செய்தோம் என்றால், தபரேஸின் ஊன்றுகோலை வாங்கி நான் நான்கு டயரையும் தட்டினேன், லாரி டயரை இரும்புக்கம்பியால் தட்டிச் சத்தம் கேட்போம், அது மறக்குமா. நான்கும் ஒரே மாதிரி டங் என்றது. ஜெஸி உள்ளே திரையைப் பார்த்து, பின்னாடி ஒண்ணுல லேசா கம்மி மாமா, அவ்ளோதான், ஏறலாம் என்றாள். விளக்கு என்ன கலர் என்று தபரேஸ் கேட்டான், மஞ்சள் என்றேன். அப்பறம் இன்னாத்துக்கு நிக்கறோம் என்றான். விளக்கு எரிய எரிய ஏறினோம் ஜாஸ்மின். ஒவ்வொரு வளைவுக்கும் தபரேஸ் எண்ணிக்கொண்டே சீட்டைத் தட்டுகிறான், நானும் தட்டுகிறேன், ரெண்டு பேரும் சீட் பெல்ட்ட இழுக்காதீங்க என்று ஜெஸி மிரட்டுகிறாள், பதினாலு என்று சொல்லி முடித்ததும் இரண்டு கிழவன்களும் ஜன்னலைத் திறந்து ஊளையிட்டோம், பின்னால் வந்த பைக்குக்காரன் பயந்து ஒதுங்கினான். இதை எழுதாதீங்க மாமா என்கிறாள் ஜெஸி, எழுதும்மா எழுது. ஏரிக்கரையில் உட்கார்ந்து ஆம்பூர் பிரியாணியும் கத்திரிக்காயும் சாப்பிட்டோம், குளிர் காற்று, தபரேஸ் இரண்டாவது தடவை போட்டுக்கொண்டான், வீட்டில் அரைத் தட்டுகூடச் சாப்பிடுவதில்லை என்று அவன் மகன் சொல்லியிருந்தான். இறங்கும்போது இன்னொரு வேடிக்கை, இறங்க இறங்க பேட்டரியில் கரண்டு ஏறுகிறது, ஜெஸி நம்பரைச் சொல்லச் சொல்ல தபரேஸுக்கு நம்பிக்கையே வரவில்லை, டீசல் ஊறுதுடா தேவா, இன்பராஜ் அண்ணன் இருந்திருந்தா நாள் பூரா எறங்கிக்குனே இருந்திருப்பாரு என்றான். அடிவாரத்துக்குப் பக்கத்தில் பெட்ரோல் பங்கில் காற்று அடித்தோம், கொஞ்ச தூரம் ஓடியதும் விளக்கு அணைந்தது. நீ ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வண்டியை விற்கச் சொன்னது ஒரு வாய் காற்றுக்கு.

சிவப்பு எரிந்தால் நிற்பேன், இது ஆண்டவர் மேல் சத்தியம், ஜெஸி சாட்சி. மஞ்சளுக்கெல்லாம் நீ எழுந்து உட்காராதே, உன் போனில் வண்டி மணி அடிக்கிறதை அணைத்துவிடு, உனக்கு பிரஷர் ஜாஸ்தியாவது வண்டியால் இல்லை, மணியால். சேகருக்கு ஷூ கம்பெனியில் பகல் ஷிப்ட் கொடுத்துவிட்டார்கள், இனி வீட்டில் ராத்திரி சாப்பிடுவான். நீ கேட்ட மாங்காய் ஊறுகாய் பார்சல் கட்டியாகிவிட்டது. ஜோவினுக்குக் காது மூடிக் குல்லா போடு, மாப்பிள்ளையிடம் மீன் எண்ணெய் மாத்திரையை நிறுத்த வேண்டாம் என்று சொல். ஆண்டவர் உங்கள் மூன்று பேரையும் போக்கிலும் வரத்திலும் காப்பார், என் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. ஒன்றே ஒன்று மறக்காதே, சனிக்கிழமைக்குள் சேகருக்குப் போன் செய்து, சத்துவாச்சாரி ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிடு.

தபரேஸ் கொண்டுவந்த பையில் என்ன இருந்தது தெரியுமா, பிளாஸ்கு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர். ரேடியேட்டருக்கு ஊத்தினது பாப்பா தண்ணி, அந்தக் கடன் என் தலைல கீது என்றான், மேலே போயும் அவன் அதைத் திறக்கவில்லை, என்னையும் குடிக்க விடவில்லை. இப்போது அது நம் வீட்டு அலமாரியில் உன் அம்மா போட்டோ பக்கத்தில் இருக்கிறது, நீ வருகிற அன்றைக்கு ஜெஸி புதுத் தண்ணீர் காய்ச்சி ஊற்றுவாள். அந்த அண்டாமேல் கை வைத்த ஆறு பேரில் இன்பராஜ் அண்ணன் கொரோனாவில் போய்விட்டார், அஜீஸுன்னிசா போன வருஷம் போய்விட்டாள், உன் அம்மா அவர்களுக்கெல்லாம் முன்னாலேயே போய்விட்டாள். தபரேஸும் நானும் ஏறி இறங்கி வந்துவிட்டோம். இன்னும் மலை ஏறாமல், உயிரோடு பாக்கி இருப்பது ஒரே ஒரு ஆள்தான், ஜாஸ்மின்.

உன் அப்பா தேவசகாயம், இடது கைப் பெருவிரல் ரேகை.