நங்கூரம் அறுந்த தசை

நாள் 88, காலை 7:10
சுற்றுக்கலம் நலம். எழுதுவது டாக்டர் நிலோஃபர், உயிர்வேதியியல். கீழே பனி நிலவில் துளையிடுபவர் சேவியர், தூத்துக்குடிக்காரர். நேற்று தண்ணீர் கண்டார். அவர் ஊர் வழக்கப்படி, போர் போட்டுத் தண்ணீர் வந்தால் முதல் வாய் குடித்தே தீரவேண்டுமாம். வடிகட்டி, எனக்கும் ஒரு குடுவை சரக்குக் கலத்தில் அனுப்பினார். கிருமி இல்லை. நானும் ஒரு மடக்கு குடித்தேன். உப்புக் கரித்தது.

நாள் 93, மாலை 4:35
சேவியர்: "டாக்டரம்மா, இமைய தூக்க முடியல. கையும் சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்கு."

நரம்பின் சேதியைத் தசைக்குச் சுமப்பது அசிட்டைல்கோலின். வேலை முடிந்ததும் அதைத் துடைப்பது கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. இமை சரிந்தால் சேதி வலுவிழந்திருக்கிறது என்று பொருள்; துடைப்பதைத் தடுத்தால் சேதி வலுக்கும். பாடப்புத்தகச் சிகிச்சை. அதற்கான மாத்திரையைப் போடச் சொன்னேன். நோயையும் மருந்தையும் எழுதிப் பக்கத்துத் தளத்துக்கு அறிக்கை அனுப்பி உதவிக் கலமும் கேட்டிருக்கிறேன்.

நாள் 94, காலை 6:20
சேவியர்: "மாத்திரைக்குப் பொறவு ரொம்ப மோசம்மா. எந்திரிக்கவே முடியல."

அளவை இரட்டிப்பாக்கச் சொன்னேன்.

நாள் 94, பிற்பகல் 2:50
குடுவையில் மிச்சமிருந்த நீரை ஆய்வகத் தசைத் திசுவில் விட்டுப் பார்த்தேன். நொதி நான்கு நான்காகச் சேர்ந்து கட்டாகும். தசையில் மூன்று கட்டுகளை ஒரு கொலாஜன் வால் பிடித்து, நரம்புக்கும் தசைக்கும் நடுவே நங்கூரமிடும். இந்த நீரில் ஏதோ ஒன்று அந்த வாலை அறுக்கிறது. துடைக்க ஆளில்லாமல் சேதி குவிந்து தசை திணறுகிறது. மிஞ்சியிருந்த கொஞ்ச நொதியையும் நான் மாத்திரை கொடுத்து முடக்கிவிட்டேன். யா ரப்பே.

மூளையில் நொதியைப் பிடிப்பது வேறு நங்கூரம், செல்லின் சவ்விலேயே ஊன்றியது. அது அறுபடவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்துகொண்டிருக்கிறது.

நாள் 94, மாலை 5:05
சேதி அனுப்ப இருக்கும் ஒரே பெரிய டிஷ்ஷை மீண்டும் அவர் பக்கம் திருப்பி, மாத்திரையை நிறுத்தச் சொல்லிக் கத்தினேன். மூச்சு மட்டும் கேட்டது. "சேவியர், தப்பு என்னோடது" என்றேன். மூச்சு ஒருமுறை வேகமாக இழுத்தது. கேட்டிருக்கிறார்.

நாள் 95
மூச்சு கேட்கவில்லை. டிஷ்ஷை அவரிடமிருந்து தளத்தின் பக்கம் திருப்ப மனம் வரவில்லை.

நாள் 98
என் இமை சரிகிறது. ஒரு மடக்குத்தானே, அதனால் தாமதம். டிஷ்ஷைக் கையால்தான் திருப்ப வேண்டும். வலு இல்லை. அறிக்கைக்குத் திருத்தம் அனுப்ப வழியில்லை. சின்ன ஆன்டெனா கேட்க மட்டும் உதவுகிறது.

உதவிக் கலத்தின் டாக்டர் அய்யாத்துரை: "நிலோஃபர், பதில் இல்லன்னா உங்களுக்கும் அதேதான்னு எடுத்துக்கிறோம். கவலைப்படாதீங்க. உங்க அறிக்கைப்படி அதே மருந்த ஊசியா போட்டுடுறேன்."

நாள் 99
கதவு திறந்தது
குரல் வரவில்லை ஒரு விரல் மட்டும் தட்டுகிறது
என் தலையை மடியில் வைத்திருக்கிறார் நல்ல மனிதர் கையில் ஊசி
திரையைப் பாருங்கள் டாக்டர்
ஊசி வேண்டா
திரையை